இங்கே எந்த ஆப்ஜெக்ட் வந்து நிற்கும்?

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் எழுதப்படும் மென்பொருள், ஆப்ஜெக்ட்கள் ஒன்றையொன்று வேலை வாங்குவதாக அமைகிறது. வங்கி மென்பொருள் ஒன்றில் ‘கணக்கு’ என்றொரு கிளாஸ் இருக்கும். அதன் கீழே சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, கடன் கணக்கு என்று சேய் கிளாஸ்கள் பிரியும். ஒவ்வொரு கிளாஸுக்கும் சில மெத்தட்கள் உண்டு: இருப்பைச் சொல், வட்டி கணக்கிடு, பணம் எடு. நிரலின் ஏதோ ஒரு மூலையில் ‘இந்தக் கணக்கிலிருந்து ஐயாயிரம் ரூபாய் எடு’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு வந்துசேர்வது சேமிப்புக் கணக்கு என்றால் வேலை நடந்துவிடும். நிரந்தர வைப்பு வந்து, அந்த கிளாஸில் ‘பணம் எடு’ என்ற மெத்தடே இல்லை என்றால், நிரல் அங்கேயே நின்றுவிடும். ஓர் ஆப்ஜெக்ட்டிடம் அதற்குத் தெரியாத வேலையைக் கேட்பதும், ஒரு வகை ஆப்ஜெக்ட்டை எதிர்பார்த்த இடத்துக்கு வேறு வகை வந்துவிடுவதும்தான் வகைப்பிழை எனப்படுகிறது.

இத்தகைய பிழை மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும். நிரந்தர வைப்பு அந்த வரிக்கு வந்துசேரும் பாதை மார்ச் 31 அன்று மட்டும் திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டின் மற்ற நாட்களில் நிரல் ஒழுங்காகவே ஓடும். சோதனைக்காக எழுதிய சிறு நிரல்கள் எல்லாப் பாதைகளிலும் நடந்து பார்ப்பதில்லை; நடக்கவும் முடியாது. நிரலை ஓடவிடாமல், எழுதப்பட்ட வரிகளை மட்டும் படித்து, ‘இந்த இடத்துக்கு எந்தெந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்கள் வரக்கூடும்? வருகிற ஒவ்வொன்றுக்கும் இந்த வேலை தெரியுமா?’ என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது நிலைப் பகுப்பாய்வு. மென்பொருள் நிறுவனங்களில் இதை ‘ஸ்டாட்டிக் அனாலிசிஸ்’ என்பார்கள். கம்பைலருக்குள்ளேயே இருக்கும் வகைச் சரிபார்ப்பும் இதில் ஒரு பகுதி. தனியாக நிறுவிக்கொள்ளும் கருவிகளும் இதில் சேரும்.

இரண்டு மரபுகள்

கிளாஸ், சேய் கிளாஸ் என்ற ஏற்பாடு ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் பிறந்தது. ஓலே-யோஹான் டாலும் கிரிஸ்டன் நியூகார்டும் அங்கே உருவாக்கிய சிமுலா 67 மொழியில், ஒரு மாறி எந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்டைச் சுட்டலாம் என்பதை நிரலாளர் அறிவித்தாக வேண்டும். சி++, ஜாவா, சி ஷார்ப் ஆகியவை இந்த மரபில் வந்தவை. 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர் அமைத்த ஸ்மால்டாக் வேறு வழியில் போனது. அங்கே எந்த மாறியும் எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டலாம். எந்த ஆப்ஜெக்ட்டுக்கும் எந்தச் செய்தியையும் அனுப்பலாம். புரியாத செய்தி வந்தால் அந்த ஆப்ஜெக்ட் ‘எனக்கு இது புரியவில்லை’ என்று அறிவிப்பதற்கென்றே ஒரு மெத்தட் வைத்திருந்தார்கள். பைத்தானின் ‘அட்ரிபியூட் எரர்’, ரூபியின் ‘நோ மெத்தட் எரர்’ ஆகியவை அதன் வாரிசுகள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களை நாள்தோறும் வதைக்கும் ‘அன்டிஃபைன்ட்’ பிழையும் இதே குடும்பம்தான்.

இரண்டு மரபுகளிலும் நிலைப் பகுப்பாய்வுக்கு வேலை உண்டு, அளவுதான் வேறு. ஜாவாவில் அறிவிப்புகள் ஏற்கெனவே இருப்பதால் பெரும்பகுதியைக் கம்பைலரே பார்த்துவிடும். அது தவறவிட்டதைப் பிடிப்பது கருவிகளின் வேலை. பைத்தானிலும் ரூபியிலும் அடித்தளத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

‘ஜாவாதான் கம்பைல் ஆகிவிட்டதே, இனி வகைப்பிழை எங்கிருந்து வரும்?’ என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு எண்கள் பெரியவை என்பதால் அவற்றை ‘லாங்’ வகையில் ஒரு தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ‘இந்த எண் தொகுப்பில் இருக்கிறதா?’ என்று கேட்கும் இடத்தில் நிரலாளர் அசட்டையாகச் சாதாரண ‘இன்ட்’ எண்ணைக் கொடுத்துவிடுகிறார். தொகுப்பில் தேடும் மெத்தட் எந்த ஆப்ஜெக்ட்டையும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருப்பதால் கம்பைலர் வாய் திறப்பதில்லை. ஆனால் ஜாவாவில் இன்டீஜர் ஆப்ஜெக்ட் ஒன்றும் லாங் ஆப்ஜெக்ட் ஒன்றும், உள்ளே ஒரே எண்ணைச் சுமந்தாலும், சமம் ஆகா. விடை எப்போதும் ‘இல்லை’ என்றே வரும். நிரல் நிற்காது, பிழைச்செய்தி வராது. கணக்கு வைத்திருப்பவரிடம் ‘உங்களுக்குக் கணக்கே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கூகுளின் ‘எரர் ப்ரோன்’ கருவி இதைக் கம்பைல் ஆகும்போதே பிழையாகக் காட்டுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பில் பியூவும் டேவிட் ஹோவ்மையரும் உருவாக்கிய ‘ஃபைண்ட்பக்ஸ்’, ஒருபோதும் சமமாக முடியாத இரு கிளாஸ்களின் ஆப்ஜெக்ட்களை ஒப்பிடும் வரிகளைத் தேடிப் பட்டியலிட்டது. அதன் வழித்தோன்றலான ‘ஸ்பாட்பக்ஸ்’ இன்றும் அதைச் செய்கிறது.

கருவி எப்படி எண்ணுகிறது

அறிவிப்பே இல்லாத நிரலில் வகையைக் கண்டுபிடிக்கும் முறையை ஒரு சிறு சுழற்சி வழியாகப் பார்க்கலாம். ‘நடப்பில் உள்ளது’ என்ற மாறியில் முதலில் ஒரு சேமிப்புக் கணக்கை வைக்கிறோம். பிறகு சுழற்சி ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த மாறியில் ‘அதனோடு இணைக்கப்பட்ட கணக்கை’ எடுத்து வைக்கிறோம். சேமிப்புக் கணக்கோடு இணைந்திருப்பது நிரந்தர வைப்பு. நிரந்தர வைப்பின் பேரில் வாங்கியது கடன் கணக்கு. கடன் கணக்கோடு இணைந்திருப்பது மறுபடியும் சேமிப்புக் கணக்கு. கருவி அந்த மாறிக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. முதல் பார்வையில் பட்டியலில் சேமிப்பு மட்டும் இருக்கும். சுழற்சியை ஒருமுறை படித்ததும் வைப்பு சேரும். மறுமுறை படித்தால் கடன் சேரும். அதற்கடுத்த முறை புதிதாக எதுவும் சேர்வதில்லை. பட்டியல் வளராமல் நின்றதும் வேலை முடிந்தது. நிரல் உண்மையில் ஓடும்போது அந்தச் சுழற்சி மூன்று முறை சுற்றுமா, மூன்று லட்சம் முறை சுற்றுமா என்பது கருவிக்குத் தேவையே இல்லை; நிரலிலுள்ள கிளாஸ்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குட்பட்டது, ஆகவே பட்டியலும் எங்காவது நின்றுதான் ஆக வேண்டும்.

மதிப்புகளுக்குப் பதிலாக அவற்றின் சுருக்கங்களை வைத்துக்கொண்டு நிரலை நடத்திப் பார்க்கும் இந்தப் போக்கிற்கு 1977இல் பிரான்ஸைச் சேர்ந்த பாட்ரிக் கூஸோவும் ராதியா கூஸோவும் பொதுவான கணித அடிப்படை வகுத்தார்கள். ஆப்ஜெக்ட்களுக்கு அதைப் பொருத்துவதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. ‘வட்டி கணக்கிடு’ என்று ஒரு வரி இருந்தால் நான்கு கிளாஸ்களில் உள்ள நான்கு மெத்தட்களில் எது ஓடும் என்பது வந்து நிற்கும் ஆப்ஜெக்ட்டைப் பொறுத்தது. எந்த மெத்தட் ஓடும் என்று தெரிந்தால்தான் அது எந்த வகையைத் திருப்பித் தரும் என்று சொல்ல முடியும். என்ன வகை வரும் என்று தெரிந்தால்தான் எந்த மெத்தட் ஓடும் என்று சொல்ல முடியும். இரண்டையும் ஒருசேரக் கணக்கிட்டாக வேண்டும். டென்மார்க்கின் யென்ஸ் பால்ஸ்பெர்க், மைக்கேல் ஷ்வார்ட்ஸ்பாக் இருவரும் 1991இல் அதற்கு ஒரு வழி காட்டினார்கள்.

கணினிக்குச் சுமை குறைந்த வழிகளும் உண்டு. 1995இல் முன்வைக்கப்பட்ட கிளாஸ் மரப் பகுப்பாய்வு, மாறியின் அறிவிக்கப்பட்ட வகைக்குக் கீழே உள்ள எல்லா கிளாஸ்களும் வரக்கூடும் என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டு டேவிட் பேக்கனும் பீட்டர் ஸ்வீனியும் அதில் ஒரு வடிகட்டி வைத்தார்கள்: நிரலில் எங்குமே உருவாக்கப்படாத கிளாஸைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. கடன் கணக்கு ஆப்ஜெக்ட்டை எந்த வரியும் உருவாக்கவில்லை என்றால் அது எங்கும் வந்து நிற்கப்போவதில்லை. இவ்வளவு எளிய யோசனை என்றாலும் சி++ நிரல்களில் நல்ல பலன் கொடுத்தது. இவ்விரு முறைகளும் முதலில் நிரலின் வேகத்தைக் கூட்டுவதற்காக வந்தவை, பிழை பிடிப்பதற்காக அல்ல. இவற்றுக்கு நிரல் முழுவதும் கண்முன் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கிளாஸை ஏற்றிக்கொள்ளும் ஜாவாவில் அந்த நிபந்தனை எளிதில் உடைந்துவிடும்.

எந்தப் பக்கம் தவறுவது

எவ்வளவு திறமையாக எழுதினாலும் ஒரு கருவி எல்லா நிரல்களுக்கும் மிகச் சரியான விடை தர முடியாது. 1936இல் ஆலன் டூரிங், ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்பதைப் பொதுவாக முடிவுசெய்யும் வழிமுறை இல்லை என்று காட்டினார். 1953இல் ஹென்றி ரைஸ் அதை விரித்து, நிரலின் நடத்தை பற்றிய எந்தச் சாரமுள்ள கேள்விக்கும் இதே கதிதான் என்று நிறுவினார். ‘இந்த வரியில் வகைப்பிழை நிகழுமா?’ என்பதும் அப்படிப்பட்ட ஒரு கேள்விதான்.

ஆகவே கருவி எந்தப் பக்கம் தவறலாம் என்பதை அதை உருவாக்குகிறவர் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம், பிழை நிகழ வாய்ப்புள்ள எதையும் விடாமல், சந்தேகம் வந்தாலே எச்சரிப்பது. ‘விடுமுறை நாள் என்றால் இந்த மாறியில் நிரந்தர வைப்பை வை, இல்லையென்றால் சேமிப்புக் கணக்கை வை’ என்று ஒரு வரி. இருபது வரி தள்ளி ‘விடுமுறை நாள் இல்லையென்றால் பணம் எடு’ என்று இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மனிதருக்கு இதில் பிழையில்லை என்பது தெரியும். பெரும்பாலான கருவிகள் இரு நிபந்தனைகளையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. நிரந்தர வைப்பிலிருந்து பணம் எடுக்கிறீர்கள் என்று எச்சரித்துவிடும். மறுபக்கம், உறுதியாகப் பிழை என்று தெரிந்தால் மட்டும் சொல்வது. அப்போது சில உண்மையான பிழைகள் நழுவும்.

1978இல் ராபின் மில்னர், எம்எல் மொழியின் வகை ஏற்பாட்டுக்கு, சரிபார்ப்பில் தேறிய நிரல் ஓடும்போது வகைப்பிழைக்கு ஆளாகாது என்பதைக் கணித நிரூபணமாகவே தந்தார். கல்வித்துறை இன்றும் அந்த இலட்சியத்தை விடவில்லை. தொழில்துறையில் நிலைமை வேறு. நூறு எச்சரிக்கைகளில் தொண்ணூறு வீண் என்று தெரிந்தால், புலி வருது கதையில் ஊரார் செய்ததைத்தான் நிரலாளர்களும் செய்வார்கள். மீதிப் பத்தையும் படிக்கமாட்டார்கள். ஃபைண்ட்பக்ஸ், பிழை இல்லை என்று நிரூபிக்க முயலவே இல்லை. அடிக்கடி தென்படும் பிழை வடிவங்களைத் தேடிக் காட்டுவதோடு நின்றது. ஜாவாஸ்கிரிப்டில் வகை அறிவிப்பு எழுத வழிசெய்து மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், நிரூபணத் தரமான வகை ஏற்பாடு தன் நோக்கங்களில் ஒன்றல்ல என்று தன் வடிவமைப்புக் குறிப்பிலேயே எழுதிவைத்தது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் ஏசுவதுண்டு. அணைத்துவைக்கப்பட்ட கண்டிப்பான கருவியைவிட, தினமும் ஓடும் தளர்வான கருவி அதிகப் பிழைகளைப் பிடிக்கும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

தாயும் சேயும்

ஆப்ஜெக்ட் உலகத்துக்கே உரிய வகைச் சிக்கல்கள் பெரும்பாலும் மரபுரிமையில் முளைக்கின்றன. தாய் கிளாஸை எதிர்பார்க்கும் எந்த இடத்திலும் சேய் கிளாஸின் ஆப்ஜெக்ட்டை வைக்கலாம் என்பது அடிப்படை விதி. 1987இல் பார்பரா லிஸ்கோவ் ஒரு மாநாட்டு உரையில் இதை முன்வைத்தார். 1994இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து முழுமையாக வரையறுத்தார். கேட்க எளிமையாக இருக்கும் இந்த விதியை, நல்ல மொழிகளே மீறியிருக்கின்றன.

‘கணக்கு’ கிளாஸில் ‘தொகையை மாற்று’ என்ற மெத்தட் உள்ளது. அது வேறொரு கணக்கைக் கேட்டு வாங்கி, அதற்குத் தொகையை அனுப்பும். நிரந்தர வைப்பு கிளாஸை எழுதுகிறவர், முதிர்ந்த தொகை சேமிப்புக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்பதால், தன் கிளாஸில் அந்த மெத்தட்டை மாற்றி எழுதி, ‘சேமிப்புக் கணக்கை மட்டும் வாங்குவேன்’ என்று அறிவிக்கிறார். தொழில் விதிப்படி பார்த்தால் அது நியாயமே. ஆனால் ‘கணக்கு’ என்ற பொதுப் பெயரில் அந்த வைப்பைக் கையில் வைத்திருக்கும் இன்னொரு வரிக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியாது. அது ஒரு கடன் கணக்கைக் கொடுத்துவிடும். ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரி; சேர்ந்து ஓடினால் பிழை.

இதிலிருந்து வரும் விதி முதலில் தலைகீழாகத் தோன்றும். சேய் கிளாஸ், வாங்கும் பொருளில் தாயைவிடத் தாராளமாக இருக்கலாம், கறாராக இருக்கக் கூடாது. கொடுக்கும் பொருளில் தாயைவிடக் குறிப்பாக இருக்கலாம், பொதுவாக இருக்கக் கூடாது. பெர்ட்ரான் மேயர் 1980களில் வடிவமைத்த ஐஃபெல் மொழி, வாங்கும் பொருளைச் சேய் கிளாஸ் குறுக்கிக்கொள்ள இடம் கொடுத்தது. நடைமுறை வாழ்க்கையை அப்படித்தான் எழுத வருகிறது என்பது மேயரின் வாதம். அதனால் மொழியின் வகை ஏற்பாட்டில் ஓட்டை விழுகிறது என்று வில்லியம் குக் 1989இல் விளக்கிக் காட்டினார். நிரல் முழுவதையும் படித்து ஆபத்தான அழைப்புகளை மட்டும் கண்டுபிடிக்கலாம் என்று ஐஃபெல் தரப்பு பல ஆண்டுகள் வழிதேடியது. பைத்தானுக்கான மைபை கருவி இன்று இதே தவறைக் கண்டால் லிஸ்கோவ் விதி மீறப்படுகிறது என்று பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் தெரிந்தே விட்டுவிடுகிறது.

ஜாவாவின் ஓட்டை அணிகளில் இருந்தது. 1995இல் மொழி வெளியானபோது தொகுப்பின் உறுப்புகள் எந்த வகை என்று அறிவிக்க உதவும் ஜெனெரிக்ஸ் ஏற்பாடு அதில் இல்லை. எந்த வகை அணியையும் வரிசைப்படுத்தும் ஒரே மெத்தட்டை எழுத வேண்டும் என்றால், சர அணியை ‘ஆப்ஜெக்ட் அணி’ என்று ஏற்றுக்கொள்ள அனுமதிப்பது சுலபமான வழியாகப் பட்டது. ஆனால் சர அணியை ஆப்ஜெக்ட் அணி என்ற பெயரில் வாங்கிக்கொண்ட மெத்தட் அதற்குள் ஓர் எண்ணைத் திணிக்கலாம். கம்பைலர் தடுக்காது. ஓடும்போது ஒவ்வொரு திணிப்பையும் சோதித்து ‘அரே ஸ்டோர் எக்ஸெப்ஷன்’ எழுப்புவதுதான் ஜாவா கண்ட தீர்வு. 2004இல் ஜெனெரிக்ஸ் வந்தபோது தொகுப்புகளில் இந்தத் தவறு தவிர்க்கப்பட்டது. அணிகளில் பழையது பழையதாகவே நிற்கிறது. சி ஷார்ப் மொழியும் இதை அப்படியே வாங்கிக்கொண்டது.

பைத்தானில் வகை அறிவிப்பு எழுதப் பழகுகிறவர்கள் இதே சுவரில் மறுபக்கத்திலிருந்து மோதுகிறார்கள். ‘கணக்குகளின் பட்டியல்’ கேட்கும் ஃபங்ஷனுக்குச் ‘சேமிப்புக் கணக்குகளின் பட்டியலை’க் கொடுத்தால் மைபை மறுத்துவிடும். சேமிப்புக் கணக்கு ஒரு கணக்குதானே என்று குழம்புவார்கள். அந்த ஃபங்ஷன் பட்டியலைப் படிப்பதோடு நின்றால் சிக்கல் இல்லை. ஒரு கடன் கணக்கை அதில் சேர்த்துவிட்டால் கொடுத்தவரின் பட்டியல் கெட்டுப்போகும். படிக்க மட்டுமே முடிகிற ‘சீக்வென்ஸ்’ என்ற வகையாக அறிவித்துவிட்டால் கருவி அமைதியாகிவிடுகிறது.

ஓட்டைகள் இதோடு தீர்ந்தன என்று எண்ணியிருந்த நேரத்தில், 2016இல் நாதா அமினும் ராஸ் டேட்டும் ஜாவாவின் ஜெனெரிக்ஸிலேயே ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார்கள். வகை மாற்றக் கட்டளை ஒன்றுகூட இல்லாமல், எச்சரிக்கை ஏதும் வராமல், ஓர் எண்ணைச் சரம் என்று கம்பைலரை நம்பவைக்கும் சிறு நிரல் அது. பன்னிரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. அதற்குச் சாவியாக இருந்தது வெற்று மதிப்பு.

வெற்று மதிப்பு

எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டாத ‘நல்’ என்ற மதிப்பை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகச் சேர்த்தவர் டோனி ஹோர். எளிதாகச் செய்ய முடிந்ததால் செய்தேன் என்றும், அது நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் அவரே சொன்னார். ஜாவாவின் கண்ணில் ‘நல்’ எல்லா கிளாஸுக்கும் பொருந்தும் மதிப்பு. ‘கணக்கு’ என்று அறிவித்த மாறியில் அது இருக்கலாம். எந்த மெத்தட்டைக் கேட்டாலும் நிரல் விழும். அந்த வகையில் பார்த்தால் மிகப் பரவலான வகைப்பிழை இதுதான்.

தீர்வின் முதல் பாதி எளியது: ‘கணக்கு’ என்பதும் ‘கணக்கு அல்லது வெற்று’ என்பதும் இரண்டு வேறு வகைகள் என்று வைத்துவிடுவது. 2016இல் வந்த கோட்லின் மொழியின் முதல் பதிப்பும் டைப்ஸ்கிரிப்ட் 2.0வும், 2019இல் வந்த சி ஷார்ப் 8உம் இந்த வழியில் போயின. ஜாவாவுக்கு ஊபர் நிறுவனம் ‘நல்அவே’ என்ற தனிக் கருவியை வெளியிட்டது. இரண்டாம் பாதி, நிரலாளர் ‘வெற்று இல்லையென்றால்’ என்று சோதித்த பிறகு அந்தக் கிளைக்குள் வகையைக் கருவி தானாகவே குறுக்கிக்கொள்வது. இங்கேதான் கருவிகள் பிரிகின்றன.

கிளை ஒன்றின் முதல் வரியில் ‘வாடிக்கையாளரின் கணக்கு வெற்று இல்லை’ என்று சோதித்தாயிற்று. இரண்டாம் வரியில் ‘பதிவேட்டில் எழுது’ என்று வேறொரு மெத்தட் அழைக்கப்படுகிறது. மூன்றாம் வரியில் அந்தக் கணக்கின் இருப்பைக் கேட்கிறார்கள். நடுவில் அழைத்த மெத்தட் வாடிக்கையாளரின் கணக்கை வெற்றாக்கியிருக்கலாம் அல்லவா? ஜாவாஸ்கிரிப்டுக்கான ஃபேஸ்புக்கின் ஃப்ளோ கருவி அந்த ஐயத்தை மதித்து, அழைப்புக்குப் பிறகு முதல் சோதனையை மறந்துவிடுகிறது. டைப்ஸ்கிரிப்டும் மைபையும், அப்படி நடப்பது அபூர்வம் என்று நினைத்துச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்கின்றன. கோட்லின், மாறக்கூடிய பண்பு என்றால் குறுக்கவே மறுத்து, மதிப்பை முதலில் ஓர் உள்மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மூன்றில் எது சரி என்பதற்குப் பொது விடை இல்லை. இணைச் செயலாக்கம் மிகுந்த நிரலில் கோட்லினின் பிடிவாதம் காப்பாற்றும். ஒரே இழையில் ஓடும் வலைப்பக்க நிரலில் அது வெறும் எரிச்சலாகவே முடியலாம்.

பழைய நிரலுக்குள் நுழைவது

லட்சக்கணக்கான வரிகள் எழுதி முடித்த பிறகு வகைச் சரிபார்ப்பைக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்த நூற்றாண்டில் இத்துறையை அதிகம் ஆட்டிவைத்த கேள்வி. 2006இல் ஜெரமி சீக்கும் வாலிட் தாஹாவும் படிப்படியான வகையிடல் என்ற கருத்தை வகுத்தார்கள். அறிவிப்பு உள்ள பகுதியைக் கருவி கண்டிப்பாகச் சரிபார்க்கும்; அறிவிப்பு இல்லாத பகுதியை ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்று எடுத்துக்கொண்டு கேள்வி கேட்காமல் விடும்.

பைத்தானில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் யுக்கா லெஹ்டோசாலோ. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கிய மைபை, முதலில் பைத்தானைப் போன்ற தனி மொழியாகவே இருந்தது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2013இல் அவரைச் சந்தித்து, பைத்தானின் இலக்கணத்துக்கு உள்ளேயே அதை அமைக்கும்படி ஊக்குவித்தார். இருவரும் பின்பு டிராப்பாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து பணியாற்றினார்கள். 2015இல் பைத்தான் 3.5 பதிப்பில் வகை அறிவிப்புகளுக்கான பொது இலக்கணம் வந்தது. டிராப்பாக்ஸ் 2019 வாக்கில் நாற்பது லட்சம் வரிகளை மைபையின் கண்காணிப்பில் கொண்டுவந்திருந்தது. அவ்வளவு பெரிய நிரலை ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுதாகப் படித்தால் நிரலாளர்கள் காத்திருக்கமாட்டார்கள். மாறிய கோப்புகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி ஆராயும் பின்னணிச் செயலி வந்த பிறகே கருவி அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றதாயிற்று.

அறிவிப்பு எழுதாத இடமெல்லாம் ‘எனி’ என்ற வகையைப் பெறுகிறது. அதனிடம் எந்த மெத்தட்டையும் கேட்கலாம், கருவி தடுக்காது. ஒரு ‘எனி’யிடம் மெத்தட்டைக் கேட்டு வாங்கிய விடையும் ‘எனி’தான். அதை இன்னொரு மாறியில் வைத்தால் அதுவும் ‘எனி’ ஆகலாம். பழைய நூலகம் ஒன்றிலிருந்து கசிந்த ‘எனி’, நன்றாக அறிவிப்பு எழுதிய பத்துக் கோப்புகளுக்குள் பரவி, அங்கெல்லாம் சரிபார்ப்பைச் சத்தமில்லாமல் அணைத்துவிடும். பிழை ஏதும் இல்லை என்ற செய்தியைப் பார்த்து நிம்மதியடைகிற அணித்தலைவர்கள், எத்தனை இடங்கள் உண்மையில் சரிபார்க்கப்பட்டன என்று கேட்பது அரிது. புகழ்பெற்ற நூலகங்களுக்கு வெளியிலிருந்து வகை அறிவிப்பு எழுதிச் சேர்க்கும் ‘டைப்ஷெட்’ என்ற பொதுத் தொகுப்பு இந்தக் கசிவை அடைக்கவே நடத்தப்படுகிறது.

பிஹெச்பி உலகில் பிஹெச்பிஸ்டான் வேறொரு உத்தியைப் பயன்படுத்தியது. கண்டிப்பின் அளவைப் பூஜ்யத்திலிருந்து படிப்படியாக உயர்த்தலாம். இன்று இருக்கும் பிழைகளை ஒரு கோப்பில் பதிந்து ஒதுக்கிவைத்துவிட்டு, புதிதாக எழுதும் வரிகளில் மட்டும் பிழை வராமல் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளே பத்தாயிரம் எச்சரிக்கைகளைக் கண்டு மிரளாமல் இருக்க இது உதவியது.

சில வழக்கங்களுக்கு எந்தக் கருவியும் தடுமாறும். மெத்தட்டின் பெயரையே ஒரு சரமாகக் கட்டி, ஓடும்போது அழைப்பது. கிளாஸுக்குள் புதிய மெத்தட்களை வெளியிலிருந்து செருகுவது. தரவுத்தள அட்டவணையைப் பார்த்து கிளாஸின் பண்புகளை உருவாக்குவது. ஜாங்கோ போன்ற கட்டமைப்புகள் இந்த மாயங்களை நம்பியே எழுதப்பட்டவை. அவற்றின் பழக்கவழக்கங்களைக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கத் தனிச் செருகுநிரல்கள் தேவைப்படுகின்றன.

இத்தனை பாடுபட்டு எவ்வளவு கிடைக்கிறது என்று அளந்து பார்த்த ஆய்வுகளில் நன்கு அறியப்பட்டது 2017இல் வெளியான ஒன்று. ஜெங் காவ், கிறிஸ்டியன் பேர்ட், ஏர்ல் பார் மூவரும் பொதுவெளியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களிலிருந்து, ஏற்கெனவே கண்டுபிடித்துத் திருத்தப்பட்ட 400 பிழைகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் திருத்துவதற்கு முந்தைய நிரலுக்குப் போய், கையால் வகை அறிவிப்பு சேர்த்து, ஃப்ளோவும் டைப்ஸ்கிரிப்டும் எச்சரிக்கின்றனவா என்று பார்த்தார்கள். இரண்டுமே ஏறத்தாழ 15 விழுக்காட்டைப் பிடித்தன. குறைவாகத் தோன்றலாம். ஆனால் அவை நிரலாளரின் கண்ணையும் கடந்து பொதுவெளியில் பதிவாகிவிட்ட பிழைகள். எழுதும்போதே கருவி சுட்டிக்காட்டித் திருத்தப்படுபவை அந்தக் கணக்கில் வரவே இல்லை. மீதி 85 விழுக்காட்டில் பெரும்பகுதி, வகை சரியாக இருந்தும் தர்க்கம் தவறியவை. வட்டியைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டால், எண்ணின் வகையில் ஒரு குறையும் தெரியாது.

கருவியின் பார்வை எட்டாத இன்னோர் எல்லை, வெளியிலிருந்து வரும் தரவு. இணையம் வழியாக வந்த ஜேசன் துண்டை ‘இது சேமிப்புக் கணக்கு’ என்று நிரலாளர் எழுதிவிட்டால், டைப்ஸ்கிரிப்ட் நம்பிவிடும். ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது அந்த அறிவிப்பு முற்றிலும் அழிந்துவிடும். பைத்தானிலும் ‘காஸ்ட்’ என்று எழுதுவதால் ஓடும்போது எந்தச் சோதனையும் நடப்பதில்லை. இந்த வாசலில் நின்று தரவைச் சோதிப்பதற்காகப் பைத்தானில் பைடான்டிக், டைப்ஸ்கிரிப்டில் ஸாட் போன்ற நூலகங்கள் வந்தன. ஸ்ட்ரைப் நிறுவனம் ரூபிக்காக எழுதி 2019இல் பொதுவெளியில் வைத்த சோர்பே, இரண்டையும் ஒரே அறிவிப்பில் முடிச்சிடுகிறது. மெத்தட்டின் தலைப்பில் எழுதிய வகைகளை, ஓடுமுன் படித்துச் சரிபார்ப்பதோடு, ஓடும்போது வந்து சேரும் ஆப்ஜெக்ட்டோடும் ஒப்பிடுகிறது. அறிவிப்பில்லாத பழைய கோப்பின் வழியாக ஒரு நிரந்தர வைப்பு நழுவி வந்துவிட்டால், ‘பணம் எடு’ என்ற வரிவரை அது போவதில்லை. சேமிப்புக் கணக்கு என்று அறிவித்திருந்த மெத்தட்டின் வாசலிலேயே பிடிபடுகிறது.